‘ம்’ கொட்டுங்க, சொல்றேன்!

கே: பிள்ளைகளுக்குக் கதை சொல்ல என்னென்ன வேண்டும்? (ஓர் அப்பா, ஓசூர்)

ப: சொல்ல ஒரு தொண்டை, ‘ம்’ கொட்ட ஒரு வாய். ‘ம்’ நின்றுவிட்டால் பிள்ளை தூங்கியிருக்கும். இல்லையென்றால் கதை தூங்கியிருக்கும்.

கே: எனக்கு நடிக்க வராதே? (ஒரு பெரியம்மா, தென்காசி)

ப: ‘அத்திரிபாச்சா கொழுக்கட்டை’ சொல்லிப் பாருங்கள். மாமியார் வீட்டில் தின்ற பலகாரத்தின் பெயர் மறந்துவிடக் கூடாதென்று ‘கொழுக்கட்டை, கொழுக்கட்டை’ என்று முணுமுணுத்தபடி மருமகன் ஊர் திரும்புகிறான். குறுக்கே வாய்க்கால். ‘அத்திரிபாச்சா!’ என்று ஒரே தாண்டு. கொழுக்கட்டை வாய்க்காலோடு போச்சு. வாயில் ஒட்டியது அத்திரிபாச்சா. அந்த இடத்தில் நிஜமாகவே ஒரு குதி குதியுங்கள். மறுநாள் உங்கள் வீட்டுக் கூடமெல்லாம் வாய்க்கால்தான்!

கே: அதே கதையில், ‘அத்திரிபாச்சா’ செய்யத் தெரியவில்லையென்று மனைவியை அடிக்கிறானே, அப்படியே சொல்லலாமா? (ஓர் ஆசிரியை, கரூர்)

ப: கூடவே கூடாது. வீங்கின கன்னத்தைப் பார்த்துப் பிள்ளை சிரிக்கப் பழகக் கூடாது. எங்கள் வீட்டில் அவன்தான் நிலைப்படியில் இடித்துக்கொள்வான். நெற்றி கொழுக்கட்டை மாதிரி வீங்கியதும் பெயர் ஞாபகம் வந்துவிடும். சிரிப்பு ஒரு குன்றிமணி குறையவில்லை.

கே: பழங்கதையைத் திருத்துவது பாவமில்லையா? (ஒரு மாணவர், மதுரை)

ப: ஜெர்மன் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களே திருத்தினார்கள். ஹான்சல், கிரெட்டல் கதையில் பிள்ளைகளைக் காட்டில் விடச் சொன்னவள் 1812இல் பெற்ற தாய். 1840 பதிப்பில் மாற்றாந்தாய். அது மோசமான திருத்தம். உலகத்துச் சித்திகள் இன்னும் அதற்கு வட்டி கட்டுகிறார்கள்.

கே: பாட்டி வடை சுட்ட கதை ஈசாப்புடையதுதானே? (ஒரு மாமா, நாகர்கோவில்)

ப: காக்காவும் நரியும் அங்கேயும் உண்டு. வாணலியில் மாவு விழும் ‘சொய்ங்’ நம் பாட்டியுடையது. அதை விட்டுவிட்டால் மிச்சம் வெறும் திருட்டு வழக்கு!

கே: யூடியூபில் கதை கொட்டிக் கிடக்கிறதே? (ஓர் அம்மா, சென்னை)

ப: ‘நரிக்கு அம்மா இல்லையா? அதுக்கு யார் வடை சுடுவா?’ என்று அதனிடம் கேட்டுப் பாருங்கள்.

கே: எனக்கு ஒரு கதையும் தெரியாது. (ஓர் இளம் தந்தை, விழுப்புரம்)

ப: கி.ராஜநாராயணன் தொகுத்த ‘நாட்டுப்புறக் கதைக் களஞ்சியம்’ இருக்கிறது, நிதானமாகப் படிக்கலாம். ஊரில் வயசான அத்தை இருந்தால் இந்த ஞாயிறே பஸ் ஏறுங்கள்.

கே: பேத்தி தினமும் ஒரே கதையைக் கேட்கிறாள். ஒரு சொல் மாறினால் சண்டை! (ஒரு தாத்தா, திருவாரூர்)

ப: நேற்று ‘காக்கா அண்ணே’ என்ற நரி இன்றைக்கு ‘காக்கா ஐயா’ என்றால் கேட்கத்தானே செய்வாள்? கதை அவள் கைக்குப் போய்விட்டது தாத்தா. இன்று ராத்திரி அவள் சொல்லட்டும். நீங்கள் ‘ம்’ கொட்டுங்கள்.