வளர்கிற பிள்ளையின் சட்டை

பிறக்கும்போது ஏறக்குறைய 50 செ.மீ. நீளமிருக்கும் குழந்தை, ஒரு வயதில் 75 செ.மீ.யை எட்டிவிடுகிறது, எடை மூன்று மடங்காகிறது. சட்டை மட்டும் எடுத்த அளவிலேயே நிற்கிறது. பெரியவர் அணியும் பருத்தி டி-சர்ட் ஒன்றுக்குச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். குழந்தைச் சட்டைக்கு அவ்வளவு ஆகாதுதான். ஆனால் மூன்றே மாதத்தில் அதற்குள் தலை நுழையாது.

இதற்குத் தீர்வு கண்டவர் லண்டனில் வானூர்திப் பொறியியல் படித்த ரயன் மரியோ யாசின். அவருடைய ‘பெட்டி ப்ளி’ உடை, மடிப்புகள் விரிய விரிய ஏழு அளவுகள் வரை குழந்தையோடு கூடவே வளரும். 2017-இல் ஜேம்ஸ் டைசன் விருதின் பிரிட்டன் பரிசும் அதற்குக் கிடைத்தது. தமிழ்நாட்டில் இந்தத் துறை வானூர்திப் பக்கம் போகாமலே வளர்ந்தது. “வளர்ற பொண்ணு, உள்ளே துணி விட்டுத் தைங்க” என்ற ஒரு வரியே தையல்காரருக்கு முழு வரைபடம். பாவாடையின் அடியில் இரண்டு மூன்று டக் பிடித்திருப்பார். ஆண்டுக்கு ஒன்றாகப் பிரிப்பார்கள். பிரித்த இடத்தில் மட்டும் சாயம் வெளுக்காமல் பளிச்சென்றிருக்கும். மரத்தின் வளையத்தை எண்ணுவதுபோல் அந்தப் பட்டைகளை எண்ணியே சிறுமியின் வகுப்பைச் சொல்லிவிடலாம்.

தைக்கும் வழக்கம் குறைந்து ரெடிமேட் வந்தபின், அதே கொள்கை “இரண்டு சைஸ் பெரிசா குடுங்க” என்று உருமாறியது. பள்ளிச் சீருடை முதல் வருடம் தொளதொளவென்று தொங்கும், இரண்டாம் வருடம் பொருந்தும், மூன்றாம் வருடம் இறுக்கிப் பிடிக்கும். கணக்கில் சராசரி சரியாகவே வருகிறது. தீபாவளிச் சட்டையின் கதை வேறு. விசேஷத்துக்கென்று பீரோவில் பத்திரப்படுத்துவதால், அடுத்த விசேஷம் வருவதற்குள் பிள்ளை அதைத் தாண்டி வளர்ந்துவிடும். சட்டை தம்பிக்குப் போகும், பிறகு சித்தி மகனுக்குப் போகும். குடும்ப ஆல்பத்தில் ஒரே கோடு போட்ட சட்டைக்குள் வெவ்வேறு முகங்கள் மாறி மாறிச் சிரிக்கும்.

பச்சிளங்குழந்தைக்குப் புதுத்துணி போடாத வழக்கமும் பல வீடுகளில் உண்டு. தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்தே முதல் உடை. சாஸ்திரம் எப்படியோ, பலமுறை துவைத்ததில் கஞ்சியும் முரட்டுத்தனமும் போய்விட்ட பருத்தி அந்தத் தோலுக்கு நல்லதுதான்.

உண்மையான தேர்வு கடைசியில்தான் வருகிறது: இந்தத் துணி கரித்துணி ஆகுமா? பருத்திச் சட்டை சுலபமாகத் தேறிவிடும். ஈரத்தை உறிஞ்சும், சூடான பாத்திரத்தையும் பிடிக்கும். திருப்பூரின் வெட்டுத் துண்டுகள்கூட ‘பனியன் வேஸ்ட்’ என்ற பெயரில் மெக்கானிக்கின் கையைத் துடைக்கப் போய்ச் சேருகின்றன. ஜிகினா ஒட்டிய பாலியஸ்டர் கவுன் இங்கே தோற்கிறது. பாலைக் கொட்டினால் உறிஞ்சாமல் ஓரமாகத் தள்ளிவிடும். அடுப்பில் பட்டால் உருகி ஒட்டும். அதைத் தம்பிக்கும் போட முடியாது. ஒருமுறை பிறந்தநாளுக்கும் ஒருமுறை போட்டோவுக்கும் போட்டதோடு சரி.

மிஞ்சுவது பழைய துணிக்குப் பாத்திரம் தருகிற வியாபாரி. ஜரிகைப் புடவையையும் பேண்டையும் எடைபோடுவதுபோல் கையில் தூக்கிப் பார்ப்பவர், கவுனை ஒற்றை விரலால் தள்ளி வைப்பார். வீட்டுக்காரம்மா விடமாட்டார். அரைமணி நேரப் பேரத்துக்குப் பிறகு, ஐந்து கவுனுக்கு ஒரு சின்னக் கரண்டி என்று முடிவாகும்.