சுழி பார்த்துச் சொன்னவன்

ஏட்டி, போன்ல மூக்கை உறிஞ்சாத. ஹூஸ்டன்ல அழுகைக்கும் பில்லு போட்டிருவான். விசயத்தைக் கேளு.

கடைசி செமஸ்டர்ல ஒரு பரிட்சையை வச்சு, 'இந்தப் பிள்ளை நர்சு லைசன்சு பரிட்சையில தேறாது'ன்னு உங்க காலேசுல குறி சொல்லிட்டாங்க. அதானே? தாத்தன் நாப்பது வருசம் மாட்டுத் தரகு பாத்தவன். துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு வெலை பேசினவன். குறி சொல்லுத தொழில் எனக்குத் தெரியாதா? பல்லைப் பாத்து, சுழியைப் பாத்து, 'இது உழும்'னு நான் சொன்ன மாடு உழுதுச்சு. 'ஆகாது'ன்னு நான் கழிச்சுக் கட்டுனதுலயும் எத்தனையோ பக்கத்து ஊர்ல பத்து வருசம் உழுதுச்சு. அதை வெளியில சொல்ல மாட்டேன், தரகு போயிரும். உங்க காலேசுல குறி பாக்குததுக்கு வைக்குத ஹெசி, ஏ.டி.ஐ. பரிட்சைகளும் இதே கதைதான். பாஸாகுத பிள்ளையை நல்லாச் சொல்லிருது. ஃபெயிலாகும்னு சொன்னவங்கள்ல நெறைய பேரு பாஸாயிருதாங்கன்னு ஆராய்ச்சிக்காரங்களே எழுதி வச்சிருக்காங்கன்னு நீதான சொன்ன?

பெறகு ஏன் அதைப் பிடிச்சுத் தொங்குதாங்க? அங்கதான் சூட்சுமம். மொதத் தடவை எழுதுதவங்கள்ல 80 சதவீதம் தேறலைன்னா டெக்சாஸ் நர்சிங் போர்டு காலேசோட காதைத் திருகும். கலிபோர்னியாவுல 75. காதைக் காப்பாத்த ரெண்டு வழி. நோஞ்சான் மாட்டுக்குத் தீவனம் வைக்கணும். இல்லைன்னா அதைச் சந்தைக்கே ஓட்டாமத் தொழுவுல கட்டிப்போடணும். ரெண்டாவதுக்குச் செலவு கம்மி. 'ஒத்தைப் பரிட்சையை மட்டும் வச்சுப் பட்டத்தை மறிக்காதீங்க'ன்னு நேஷனல் லீக் ஃபார் நர்சிங் 2012-லேயே சொல்லிருச்சாம். பெரியவங்க சொன்னா யாரு கேக்கா? என் பேச்சை உங்க ஆச்சியே கேக்கலை.

உன் கூடப் படிக்குத மெக்சிகோக்காரப் பிள்ளைக்கு ராத்திரி முதியோர் இல்லத்துல வேலை, பகல்ல கிளாசு. மாத்திரைக் கணக்குல மொத வருசமே தள்ளாடினா. குறி சொல்லணும்னா அன்னைக்குல்லா சொல்லிருக்கணும்? கூட உக்காந்து நாலு கணக்குச் சொல்லிக் குடுத்திருக்கணும். அறுப்பு நாள்ல வரப்புல நின்னு 'பயிரு வாடியிருக்கே'ன்னா?

அந்த என்க்ளெக்ஸ் லைசன்சு பரிட்சையும் ஒரு தரகன்தான் தாயி. சரியாச் சொன்னா கடுசா ஒண்ணு போடுவான், தப்பினா எறங்கி வருவான். 85 கேள்விக்குக் கொறையாது, 150-ஐத் தாண்டாது, அஞ்சு மணி நேரம். நீ பாஸ் கோட்டுக்கு மேலயா கீழயான்னு 95 சதவீதம் உறுதி ஆனதும் துண்டை உதறிட்டு எந்திரிச்சிருவான். 85-ல நின்னா பாஸுன்னு ஒருத்தி, ஃபெயிலுன்னு ஒருத்தி சொல்லுதாளாமே. ரெண்டும் நடக்கும். அதுல 15 கேள்விக்கு மார்க்கே கெடையாது, சும்மா வெள்ளோட்டம். எது அந்தப் பதினஞ்சுன்னு மட்டும் சொல்ல மாட்டான், களவாணி.

2023 ஏப்ரல்ல இருந்து, ஒரு நோயாளி கதையைப் போட்டு ஆறு கேள்வி கேக்கானாம். எதைக் கவனிச்ச, என்னன்னு நெனச்ச, எது முந்தி, என்னென்ன செய்யலாம், எதைச் செஞ்ச, கேட்டுச்சா. இதுக்கா நடுங்குத? நம்ம செவலை அசை போடாம நின்னுச்சே, உங்க ஆச்சி என்ன செஞ்சா? மூக்கு காஞ்சிருக்கான்னு பாத்தா. காதைத் தொட்டா. எடது பக்க வயித்தைத் தட்டினா, மத்தளம் மாதிரிக் கேட்டுச்சு. பால் பீச்சுதது, சாணி அள்ளுதது எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு மாட்டு டாக்டருக்கு ஆள் விட்டா. சாயங்காலம் அது அசை போடுததைக் கண்ணால பாத்த பெறகுதான் சோத்துல கை வச்சா. மூணாப்பு படிச்சவ. நீயும் தப்பு விட்ட கேள்வியை எடுத்து வச்சு, எங்க கண்ணு தவறிச்சு, எதை முந்திப் பாத்திருக்கணும்னு கேட்டுப் பாரு. விடையை உருப் போடாத, அதே கேள்வி அங்க வந்து நிக்காது.

தவறிட்டா 45 நாள் கழிச்சு மறுபடி எழுதலாமாம். உங்கப்பன் கார் லைசன்சை மூணாந்தடவை வாங்கினவன், அவன்கிட்ட மட்டும் யோசனை கேக்காத.

அப்புறம், பரிட்சைக்கு 200 டாலராம். ரிசல்ட்டை ரெண்டு நாள்ல தெரிஞ்சுக்கிட அதுக்குத் தனியா எட்டு டாலர் போலக் கட்டணுமாமே? மாட்டை வித்துக் குடுத்துட்டு, 'வித்துப்போச்சு'ன்னு வீட்டு வாசல்ல வந்து சொல்லுததுக்கும் ஒரு தரகு வாங்கலாம்னு நாப்பது வருசமா எனக்குத் தோணலையேட்டி!