இருபத்தைந்தில் வரும் பக்குவம்

வாகனப் பாதுகாப்புக்கு மூப்பைப் போன்ற மருந்து வேறில்லை என்னும் உண்மையை அமெரிக்கா 1988-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே பொறித்து வைத்திருப்பது போற்றத்தக்கது. அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளுக்கு ஒத்துவராத வெளிநாட்டுக் காரும், தயாரான மாதத்திலிருந்து 25 ஆண்டுகள் நிறைந்துவிட்டால் எந்தத் திருத்தமும் இன்றி உள்ளே வரலாம் என்பதே '25 ஆண்டு விதி' எனப்படுவது. ஜப்பானில் 1999 முதல் 2002 வரை தயாரான நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34 ரகத்தில், பிரேக் குழாய் துருப்பிடித்து, ரப்பரெல்லாம் வெடித்து, கதவோரம் பட்டி பார்த்து நிற்கும் 1999-ஆம் ஆண்டு வண்டி இன்று சாலைக்கு உகந்தது. கண்ணாடிப் பேழையில் வைத்தாற்போல் காக்கப்பட்ட 2002 ஆகஸ்டு வண்டியோ 2027 ஆகஸ்டு வரை உயிருக்கு ஆபத்தானது. புகைக்கு இத்தனை தவம் தேவையில்லை. மாற்றம் செய்யப்படாத எஞ்சினின் புகை 21 வயதிலேயே தூய்மை அடைந்துவிடுகிறது. அரிய கார்களுக்கு மட்டும் 'காட்சிக்கு வைத்தல்' என்னும் விலக்கு 1999 முதல் உண்டு. அவ்வகைக் கார் ஆண்டுக்கு 2,500 மைல் வரை தீங்கற்றதாக ஓடி, 2,501-ஆவது மைலில்தான் குணம் மாறுகிறது. இந்நெறியை மாத்திரைகளுக்கும் விரித்து, காலாவதித் தேதி கடந்த பின்னரே விற்க வேண்டும் என ஆணையிட்டால் மக்கள் நலம் மேலும் ஓங்கும். அண்டை நாடான கனடாவுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அங்கே 15 ஆண்டுகளே போதும். அமெரிக்கர் இன்னும் இறக்குமதி செய்ய இயலாத அதே 2002 ஆகஸ்டு வண்டியைக் கனடாவில் பதிவு செய்த கனடாக்காரர், சுற்றுலாவாக எல்லை தாண்டி வந்து, அமெரிக்கச் சாலைகளில் ஓராண்டு வரை ஓட்டலாம்.