ராத்திரியிலும் கலையாத அடுக்கு

கேள்வி: சூரியன் மறைந்த பிறகும் அயனி மண்டலம் விடியும்வரை தாக்குப்பிடிப்பது எப்படி?

பதில்: எல்லா அடுக்கும் தாக்குப்பிடிப்பதில்லை. 60 முதல் 90 கி.மீ. உயரத்தில் பகலெல்லாம் ரேடியோ அலைகளை விழுங்கும் ‘டி’ அடுக்கு அந்தி சாய்ந்ததுமே காலி. அதனால்தான் தொலைதூர மீடியம் வேவ் நிலையங்கள் ராத்திரியில் கணீரென்று கேட்கின்றன. 300 கி.மீ. உயரத்தில் கதையே வேறு. அங்கே மிகுதி, ஆக்சிஜன் அணு அயனி. அதுவும் எலக்ட்ரானும் நேருக்கு நேர் சேர்வது அபூர்வம்; தரகர் வேண்டும். நைட்ரஜன் மூலக்கூறு வந்து மோதினால் நைட்ரிக் ஆக்சைடு அயனி பிறக்கும். அது எலக்ட்ரானைக் கண்டதும் பிடித்துக்கொண்டு இரண்டு அணுக்களாக உடையும். அவ்வளவு உயரத்தில் தரகர்களுக்குத்தான் பஞ்சம்! அயனி மண்டலத்துக்குக் கணினி மாதிரிகளை எழுதுபவர்கள் ஒவ்வொரு உயரத்திலும் அயனிகளின் உற்பத்தி, இழப்பு, இடப்பெயர்ச்சி மூன்றையும் கணக்கிடுகிறார்கள். என்னைக் கேட்டால், அசல் சவால் இழப்பில்தான். மோதலின் வேகம் வெப்பநிலையோடு மாறும். அதில் பிசகினால் விடிகாலை எலக்ட்ரான் கணக்கு மொத்தமும் தப்பாகிவிடும்.