பச்சை, வெள்ளை பயமில்லை!

கேள்வி: பிசிஎம் 2704 ஐசியை வைத்து வீட்டிலேயே ஒரு யுஎஸ்பி டாக் (DAC, டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றுவது) செய்தேன். ஒயரை மாற்றிப் பற்றவைத்துவிட்டேன் போலிருக்கிறது. கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஐசி போய்விட்டதா?

பதில்: எந்த ஒயர் மாறியது என்பதைப் பொறுத்தது. பச்சையும் வெள்ளையும் இடம் மாறியிருந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள். அவை தகவல் போகும் கம்பிகள். பச்சையில் (டி பிளஸ்) தெரியவேண்டிய 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் வெள்ளையில் தெரிவதால், பாட வந்த டாக்கைக் கம்ப்யூட்டர் மவுஸ், கீபோர்டு ஜாதியில் சேர்த்துக் குழம்புகிறது. மாற்றிப் பற்றவையுங்கள், அநேகமாகப் பாடிவிடும்.

சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தால்தான் ஆபத்து. 5 வோல்ட் தலைகீழாகப் பாய்ந்து ஐசி கொதித்திருக்கும். எலெக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரும் உப்பியிருக்கலாம். கேபிளைக் கழற்றிவிட்டு, சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். விடாமல் 'பீப்' அடித்தால் ஷார்ட். அடிக்காவிட்டால், ஒயரைச் சரிசெய்து, பழைய சார்ஜரில் செருகி, ஐசிக்குள்ளிருக்கும் ரெகுலேட்டர் 3.3 வோல்ட் தருகிறதா என்று பாருங்கள். வந்தால் நம்பிக்கை உண்டு. 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் பற்றவைப்பைச் சோதியுங்கள். வராவிட்டால் புது ஐசி வாங்குங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: மலிவு கேபிள்களில் நிறத்தை நம்பாதீர்கள். பிளக்கிலிருந்து ஒவ்வொரு கம்பியையும் மீட்டரால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சால்டரிங் அயனைக் கையில் எடுங்கள்.