மைல்டு சுருட்டுக்கு மார்க் போடுவது எப்படி?

முதல் விதி: அவசரப்பட்டுப் பற்ற வைத்துவிடாதீர்கள். சுருட்டு விமர்சனத்தில் பாதி, நெருப்பு வைப்பதற்கு முன்பே தயாராகிவிடும். மீதிப் பாதியைச் சுருட்டு வந்து கெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை.

தொழில் பழகுவதற்கு மைல்டு சுருட்டைப் போலத் தோதான சரக்கு கிடையாது. காட்டமான நிகராகுவா சுருட்டு வாயில் வைத்ததுமே தானாகப் பேசிவிடும். விமர்சகருக்கு வேலை இல்லை. மைல்டு சுருட்டு வாயைத் திறக்காது. அதன் சார்பில் நாம்தான் பேசியாக வேண்டும். டொமினிக்கன் குடியரசின் சாந்தியாகோ நகரைச் சுற்றியுள்ள பட்டறைகளில் உருட்டியதாக ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 5 அங்குல நீளம், 50 ரிங் கேஜ். அதாவது அங்குலத்தை 64 பங்காக்கினால் அதில் 50 பங்கு தடிமன். இந்த அளவுக்கு ரொபுஸ்டோ என்று பெயர். மேல் இலை வெளிறிய பொன்னிறத்தில், நரம்பே தெரியாமல் வழவழவென்று இருந்தால் அது கனெக்டிகட் ஷேட் ரகமாக இருக்கும். அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1900 வாக்கில், புகையிலைக்கு மேல் துணிப் பந்தல் போட்டு வெயிலை வடிகட்டி வளர்க்க ஆரம்பித்தார்கள். ஈக்வடாரில் பந்தல் செலவுகூட இல்லை, மேகமே பார்த்துக்கொள்கிறது. வெயில் காணாமல் வளர்ந்த இலை மெல்லிசாக, சோகை பிடித்ததுபோல இருக்கும். இதை நீங்கள் ‘நேர்த்தி’ என்று எழுத வேண்டும்.

அடுத்து, சுருட்டை நீளவாக்கில் மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுங்கள். கண்ணை மூடுவது முக்கியம். பிறகு தலைப்பக்கத் தொப்பியை மட்டும் துளி வெட்டி, பற்ற வைக்காமலே ஒரு இழுப்பு. காற்றுதான் வரும். அந்தக் காற்றில் ‘காய்ந்த வைக்கோலும் சீடர் மரமும்’ இருந்ததாகக் குறித்துக்கொள்ளுங்கள். சுருட்டு இத்தனை நாளும் படுத்திருந்ததே சீடர் பலகை அடித்த பெட்டிக்குள்தான் என்பதால் இதை யாரும் மறுக்க முடியாது.

இப்போது பற்ற வைக்கலாம். கேஸ் லைட்டரின் சுடர் சுருட்டைத் தொடக்கூடாது; நுனியைச் சுடருக்குச் சற்று மேலே பிடித்துச் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும். விளிம்பு கருத்து, நடுவில் செம்மை படர்ந்த பிறகுதான் வாயில் வைப்பது. புகையை உள்ளே இழுக்காமல் வாயிலேயே வைத்திருந்து, அதில் கொஞ்சத்தை மூக்கு வழியே விடுங்கள். இதற்கு ரெட்ரோஹேல் என்று பெயர். கண்ணில் நீர் வந்தால் ‘வெள்ளை மிளகு’ என்று எழுதுங்கள்.

சாம்பலைப் பற்றியும் ஒரு வரி அவசியம். 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலிலேயே துப்பறிவாளர் தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்து, கொலையாளி பிடித்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று கண்டுபிடித்துவிடுகிறார். உங்களிடம் அவ்வளவு யாரும் எதிர்பார்க்கவில்லை. ‘சாம்பல் உறுதியாக நின்றது’ போதும். அது உங்கள் வேட்டியில் விழுந்த விஷயம் வாசகருக்கு வேண்டாம்.

சுவைக்கு வருவோம். ஒரு சுருட்டை மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வேறு வேறு சுவை வந்ததாக எழுதுவது தொழில் மரபு. முதல் பங்கில் பாலேடு, வறுத்த முந்திரி. நடுப்பங்கில் காபி, கொஞ்சம் தேன். கடைசிப் பங்கில் தோல். தோல் என்றால் எந்தத் தோல், செருப்புக் கடைத் தோலா மேளத்துத் தோலா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஆனாலும் முன்னால் ஓர் அடைமொழி இருந்தால் பாதுகாப்பு: ‘பழகிய தோல்’. துணிச்சல் உள்ளவர்கள் ‘மழைக்குப் பிந்தைய மாட்டுத் தொழுவம்’ வரை போகலாம், அது பாராட்டுதான். ஒரே ஒரு சுவையை மட்டும் எக்காரணம் கொண்டும் எழுதிவிடாதீர்கள்: புகையிலை. அதை எழுதினால் உங்களுக்கு நாக்கே இல்லை என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

எல்லோரும் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. புகை வாயில் எவ்வளவு கனமாக உட்காருகிறது என்பது ‘பாடி’. நிகோடின் தலையில் எவ்வளவு கனமாக உட்காருகிறது என்பது ‘ஸ்ட்ரெங்த்’. செடியின் உச்சியில் வெயிலைக் குடித்துத் தடித்த இலை லிஹெரோ, காட்டம் அதிலிருந்துதான். அதற்குக் கீழே செக்கோ, அடியில் சாதுவான வொலாடோ. மைல்டு சுருட்டில் லிஹெரோவைக் கண்ணில் காட்டியும் காட்டாமலும் வைப்பார்கள். அதற்காக ஏமாந்துவிடாதீர்கள். சுருட்டுப் புகைக்குக் காரத்தன்மை அதிகம் என்பதால், நுரையீரல் வரை போகாமலே வாயின் உள்தோல் வழியாக நிகோடின் ரத்தத்தில் ஏறிவிடும். வெறும் வயிற்றில் பிடித்தால் தலை சுற்றும், குப்பென்று வியர்க்கும். உடனே ஒரு வாய் சர்க்கரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுங்கள். தெளிந்த பிறகு ‘எதிர்பாராத ஆழம்’ என்று எழுதுங்கள். மைல்டு என்ற சமாதானம் நாக்குக்கு மட்டும்தான்; வாய்ப் புற்றுநோய் லேபிள் படிப்பதில்லை.

‘மைல்டு முதல் மீடியம் வரை’ என்ற தொடரை யார் கண்டுபிடித்தாரோ, புண்ணியவான். யாருக்கு எப்படிப் பட்டாலும் நீங்கள் சொன்னது சரியாகிவிடும்.

கடைசியாக மார்க். அமெரிக்காவில் 1992-இல் தொடங்கிய ‘சிகார் அஃபிசியனாடோ’ பத்திரிகை 100-க்கு மார்க் போடும் வழக்கத்தைப் பரப்பியது. 95-க்கு மேல் என்றால் காவியம். 70-க்குக் கீழே என்றால் காசைக் கரியாக்காதே என்று அர்த்தம். நடைமுறையில் இது நம் பள்ளிக்கூடத்துச் செய்முறைத் தேர்வு மாதிரி: வந்து நின்றவனுக்கே முக்கால்வாசி மார்க். மைல்டு சுருட்டுக்கு 88 போடுங்கள். விலை அதிகம் என்றால் 90. ஓசியில் வந்தது என்றால் 91, ஆனால் ‘நடுநிலையோடு’ என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டையைக் கழற்றிவிட்டு, பெயர் தெரியாமல் பிடித்துப் பார்ப்பதுதான் நியாயமான முறை. அதில் விலை தெரியாமல் போய்விடுகிற சிரமம் இருக்கிறது.

உண்மையிலேயே சுருட்டுப் பிரியர்களாக இருந்தவர்கள் மார்க் போட்டதாகத் தெரியவில்லை. 1962-இல் கியூபா மீது தடை போடுவதற்கு முந்தின மாலை, அதிபர் கென்னடி தன் பத்திரிகைச் செயலாளர் பியர் சாலிஞ்சரை அழைத்து, தனக்குப் பிடித்த ‘பெட்டீ உப்மன்’ ரகச் சுருட்டு ஆயிரம் வாங்கச் சொன்னாராம்; 1,200 கைக்கு வந்தது தெரிந்த பிறகே கையெழுத்துப் போட்டாராம். சாலிஞ்சரே எழுதிய கதை இது. நம் ஊர் எல்லையில் நிற்கும் கருப்பசாமிக்கும் எத்தனையோ தலைமுறையாகச் சுருட்டு படைக்கிறோம். முதல் பங்கு, நடுப்பங்கு என்று அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

விமர்சனம் அச்சில் வந்த பிறகு யாராவது ஒருவர், ‘நானும் அதே சுருட்டைப் பிடித்தேன், முந்திரியும் வரவில்லை, தேனும் வரவில்லை’ என்று கடிதம் போடுவார். பதறாதீர்கள். அவர் சுருட்டை எத்தனை சதவீத ஈரப்பதத்தில் வைத்திருந்தார் என்று திருப்பிக் கேளுங்கள். 70 என்று சொன்னால் 65-இல் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். 65 என்று சொன்னால், 70.