இன்றேல் விசாரம்

உலக வியவகாரங்கள் யாவும் ‘இருந்தால்’, ‘இன்றேல்’ என்னும் இரு கூறுகளில் அடங்கிவிடுவதாலும், அவ்விரண்டையும் முழு வடிவில் எழுதப் புகுந்தால் இணையப் பக்கத்தின் டெம்ப்ளேட்டில் ஐந்து வரிகள் செலவாவதாலும், அதே காரியத்தை ஒரு கேள்விக்குறியும் ஒரு முக்காற்புள்ளியும் ஒரே வரியில் முடித்துக் கொடுத்துவிடுவதாலும், இச்சிறு குறிகளின் மகிமையையும் அவற்றால் விளையும் அனர்த்தங்களையும் சாஸ்திர ரீதியாக விசாரிப்பது அவசியமாகிறது. கூடையில் பொருள் இருந்தால் ‘பணம் செலுத்துக’ என்ற பொத்தான், இன்றேல் ‘கூடை காலி’ என்ற அறிவிப்பு. இவ்வளவுதான் விஷயம், இதற்கு இத்தனை பீடிகையா என்று கேட்பவர்கள், இந்தச் சுருக்க வடிவம் வேண்டுமா, வேண்டுமெனில் எப்படி என்பதைத் தீர்மானிக்கப் பைத்தான் மொழிக்காரர்கள் 2003-இல் வாக்கெடுப்பே நடத்தினார்கள் என்பதையும், அதிலும் தெளிவான முடிவு ஏற்படாமல், மொழியைப் படைத்த கைடோ வான் ரோசம் தாமே ஒன்றைத் தேர்ந்தெடுக்க, 2006-இல்தான் அது புழக்கத்துக்கு வந்தது என்பதையும் அறியாதவர்களே.

நிபந்தனையை ஒரு கட்டளையாக அன்றி ஒரு மதிப்பாகவே கொள்ளலாம் என்ற தத்துவத்தை ஜான் மெக்கார்த்தி 1960-இல் லிஸ்ப் மொழியைப் பற்றிய தம் கட்டுரையில் ஸ்தாபித்தார். சி மொழியில் அது கேள்விக்குறியும் முக்காற்புள்ளியும் அணிந்து நின்றது, ஜாவாஸ்கிரிப்டும் பி.எச்.பி.யும் அந்த ஆபரணங்களை அப்படியே சுவீகரித்தன. கோ மொழியோ வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டது.

சுருக்கத்தில் ருசி கண்டவர்கள் ஒரு வரியோடு திருப்தியடைவதில்லை. கேள்விக்குறிக்கும் முக்காற்புள்ளிக்கும் நடுவில் இருக்கும் மதிப்பு பெரும்பாலும் நிபந்தனையின் எதிரொலியே ஆதலால் அதையும் நீக்கிவிடலாம் என்று கண்டு, வேற்றுமைத் தொகையில் மறைந்த உருபைப் படிப்பவர் விரித்துக்கொள்வதுபோல் இயந்திரமே விரித்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். இரு குறிகளும் ஒட்டி நிற்கும் இவ்வடிவத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் முன்சிகை தோன்றுவதால் அதற்கு எல்விஸ் குறி என்றே பெயர் விளங்கிற்று, பி.எச்.பி.யில் அது 2009-இல் வந்தது. பொருளின் விலையைக் காட்டவேண்டிய இடத்தில்

விலை ?: "விலை அறிவிக்கப்படவில்லை"

என்று எழுதிவிட்டு நிம்மதியாக உறங்கப் போகலாம், கடைக்காரர் எதையும் இலவசமாகக் கொடுக்காதவரை. என்றைக்கு ஒரு பொருளுக்கு 0 என்று விலை குறிக்கிறாரோ, அன்றைக்குப் பக்கம் ‘விலை அறிவிக்கப்படவில்லை’ என்கிறது. ஏனெனில் அக்குறியின் சித்தாந்தத்தில் பூஜ்யமும் இன்மையும் ஒன்றே. இந்த அத்வைதத்தைக் கண்டிக்கவே 2015-இல் பி.எச்.பி.யில் இரட்டைக் கேள்விக்குறி அவதரித்தது. அது உண்மையான இன்மையை மட்டுமே இன்மை எனக் கொள்ளும். ஆனால் வெற்றுச் சரத்தைப் பெயரென்று நம்பி, ‘வணக்கம்,’ என்று சொல்லிவிட்டு யாருக்கு என்று சொல்லாமலே நின்றுவிடும்.

ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் சம்பிரதாயத்தில் அனர்த்தம் வேறு ரூபம் கொள்கிறது. அங்கே முக்காற்புள்ளியையும் துறந்து, எண்ணிக்கை && செய்திப்பெட்டி என்று ‘இன்றேல்’ பகுதியே இல்லாமல் எழுதுவார்கள். எண்ணிக்கை பொய்யாக இருந்தால் ஒன்றும் தோன்றாது; 0 ஆக இருந்தாலோ, பெட்டி மறைந்து, அதன் ஸ்தானத்தில் அந்த 0 மட்டும், எதன் எண்ணிக்கை என்ற விளக்கமும் இல்லாமல், பக்கத்தின் நடுவே தன்னந்தனியாக அமர்ந்திருக்கும்.

ஒரு சுருக்கத்துக்குள் இன்னொன்றைச் செருகுவோர் கதை இன்னும் பரிதாபம். அறுபதுக்கு மேல் முதல் வகுப்பு, இன்றேல் ஐம்பதுக்கு மேல் இரண்டாம் வகுப்பு, இன்றேல் மூன்றாம் வகுப்பு என்று ஏனைய மொழிகளின் பழக்கத்தில் அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால், பழைய பி.எச்.பி. இடப்புறத்திலிருந்து கூட்டிக்கொண்டு வரும். எழுபது வாங்கிய மாணவனுக்குக் கிடைத்த ‘முதல் வகுப்பு’ என்ற சொல்லையே அடுத்த நிபந்தனையாகக் கொண்டு, அது வெறுமையல்லவாகையால் மெய் என்று தீர்மானித்து, அவனுக்கு இரண்டாம் வகுப்பை வழங்கும். ஐம்பத்தைந்து வாங்கியவனுக்கும் அதே வகுப்பு. முதல் வகுப்பு என்பது அந்தப் பள்ளியில் எவருக்குமே சித்திக்காது. 2020-இல் வந்த எட்டாம் பதிப்பு, அடைப்புக்குறி இல்லையேல் ஓடவே மாட்டேன் என்று மறுத்துவிட்டது. அதற்கு முந்தைய 7.4 வெறுமனே எச்சரித்தது. ஆட்சேபத்தைக் காட்டிலும் மறுப்பே இங்கு நாகரிகம் என்பது எமது துணிபு.

இத்தகைய சிக்கல்களே வேண்டாமென்று ஒதுங்கிய ஒரு சாரார், டெம்ப்ளேட்டில் தர்க்கமே கூடாதென்று விரதம் பூண்டு 2009-இல் மஸ்டாஷ் என்ற முறையை இயற்றினார்கள். அதன் நெளிந்த அடைப்புக்குறி, சாய்த்துப் பார்த்தால் மீசைபோல் தோன்றுவதே பெயர்க்காரணம். அதில் ‘இருந்தால்’ என்ற சொல் கிடையாது. ஒரு பெயரைத் திறந்து மூடினால், அப்பெயருக்கு உரிய மதிப்பு இருக்கும்போது மட்டும் இடையிலுள்ளது தோன்றும். நிபந்தனை ஒழிந்ததென்று அவர்கள் மகிழ்ந்திருக்க, எது இருப்பு, எது இன்மை என்ற தீர்ப்பு மட்டும் அடியில் ஓடும் மொழியின் வசம் போய்ச் சேர்ந்தது. ரூபி மொழியில் 0 மெய். ஜாவாஸ்கிரிப்டில் அது பொய். ஆகவே ஓர் எழுத்தும் மாறாத அதே டெம்ப்ளேட், மதிப்பு 0 ஆக இருக்கையில், ரூபியில் பத்தியைக் காட்டும், ஜாவாஸ்கிரிப்டில் மறைக்கும்.